சத்தத்தைக் கூட்டி வைத்தவள்

ஃபோனில் பணம் வந்ததும் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கடைகளில் கத்துகிறதே ஒரு சின்னப் பெட்டி, முத்தியால்பேட்டையில் பல கடைகளுக்கு அதைக் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. மாதம் இத்தனை பெட்டி போக வேண்டும் என்று மேலதிகாரி என் கழுத்தைப் பிடிப்பார். நான் கடைக்காரர்களின் கழுத்தைப் பிடிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சில்லறைக்குப் பதிலா இன்னும் எத்தினி நாளைக்கு மிட்டாய் குடுப்பீங்க?" என்று கேட்டே பலரை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

சந்து முனையில் சாயங்காலம் பஜ்ஜி போடும் அக்காவையும் அப்படித்தான் பிடித்தேன். ஸ்கேன் செய்யும் அட்டைக்கு உடனே தலையாட்டியவர், பெட்டிக்கு மட்டும் தயங்கினார்.

"அட்ட போதும்மா. பொட்டி வாணாம்."

"எண்ணெச் சட்டிய பாப்பீங்களா, ஃபோன பாப்பீங்களா? எவனாவது பணம் போடாமலே போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

அப்படி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. அக்கா தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு முறை பார்த்தார். டீக்கடை பெஞ்சில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். மில் மூடியதிலிருந்து பகலில் அந்த பெஞ்சு, பொழுது சாய்ந்தால் சாராயக் கடை என்று இருப்பவர். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு பெட்டி போக வேண்டியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, அந்தப் பெட்டி அணைந்தே கிடப்பதாக என் ஃபோனில் காட்டியது. போய்ப் பார்த்தால், கடலைமாவு டின்னுக்குப் பின்னால் பழந்துணி சுற்றிக் கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம்.

"சும்மா கெடக்குறதுக்கா மாசாமாசம் வாடகை கட்றீங்க?" என்று துணியை உருவிப் போட்டேன். பெட்டியைத் துடைத்து, ஆன் செய்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, தெருவைப் பார்த்தபடி முன்பலகையில் வைத்தேன்.

"வாணாம்மா, சொன்னா கேளு," என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. கடையில் நல்ல கூட்டம். நாற்பது, அறுபது, நூற்றிருபது என்று பெட்டி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தது. எதிரே பெஞ்சில் பேச்சு நின்றது. ஒரு காரியத்தைச் சரிசெய்துவிட்ட திருப்தியோடு நான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது, அக்கா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஒரு நாளைக்கு முந்நூறு மிஞ்சினா பெருசுன்னு அவருகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நீ போனப்புறம் அங்கியே குந்திகினு எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டாரு. இத்தினி நாளா மிச்சம் எங்கடீன்னு கேட்டு, டின்னெல்லாம் கவுத்துட்டாரு. பொண்ணோட நர்சிங் ஃபீஸ கடலமாவுக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். மறு வாரம் கட்ட வேண்டியது, எல்லாத்தையும் எடுத்துகினு பூட்டாரு."

எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நீளமான வாய்!

"பொட்டிய எடுத்துட்டுப் போயிடவாக்கா?"

"இப்ப எடுத்தா அதுக்கும் அடிப்பாரு. அணைச்சாலே வந்து அவரே போட்டு வுடுறாரு. நீ போம்மா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயிற்சியில் மோசடிக்காரர்களைப் பற்றி இரண்டு நாள் பாடம் எடுத்தார்கள், வீட்டு ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அக்காவின் அந்தப் பார்வையை நான் பார்த்தேனே!

கல்லூரிகள் திறந்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். கடையில் அக்காவின் மகள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பெட்டி அதே முன்பலகையில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நாலு பஜ்ஜி வாங்கிவிட்டுப் பழக்கத்தில் ஃபோனை எடுத்தேன்.

அந்தப் பெண் எதிர்ப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேஷா இருக்குமாக்கா?" என்றாள்.