சாமர்செட் கடைப் பேய்

ஜெனீன் கோவாச் பேய் என்று சொல்லிவிட்டால் அது பேய்தான். ஜான்ஸ்டவுன் பக்கத்தில் பழைய வீடியோ கேம் தேடி அலைகிறவர்கள் யாரும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

பேய் என்பது கடையின் வலைத்தளத்தில் மட்டும் உயிரோடு இருக்கிற சரக்கு. அந்தப் பழைய கேம் கடைக்கு மேற்குப் பென்சில்வேனியாவில் ஊருக்கு ஊர் கிளை உண்டு. எந்தக் கிளையில் எந்த கேம் இருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆல்டூனாவில் ஒன்று இருப்பதாகப் போட்டிருக்கும். பனியில் வழுக்கிக்கொண்டு மலையேறிப் போய்க் கேட்டால், "அதுவா, அது எப்பவோ திருடு போயிடுச்சே" என்று கொட்டாவி விடுவார்கள். திருடு போனதைக் கணக்கிலிருந்து எடுக்க யாருக்கும் நேரமிருக்காது. பழைய சரக்கைத் தளத்தில் வாங்கவும் முடியாது, போனில் எடுத்து வைக்கச் சொல்லவும் முடியாது. கவுண்டரில் யார் முதலில் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான்.

ஜெனீனுக்கு எல்லாக் கிளைகளின் பேய்களும் மனப்பாடம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தவள். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நான்கு முனையும் ஒட்டினாற்போல நிற்கும். வீட்டில் அவளுடைய கேம் அலமாரியும் அப்படித்தான். டிவியில் மாட்டி ஆடும் ஒரே ஒரு பழைய கன்சோலுக்கு வந்த கேம்கள் அத்தனையும் அகர வரிசையில் நிற்கும். நடுவில் மட்டும் ஒரு விரல் அகல இடைவெளி. பக்கத்தில் இருப்பவை சரிந்துவிடக் கூடாதென்று அங்கே ஒரு மரச்சில்லைச் சொருகி வைத்திருந்தாள். அது 'ஐவரி ஃபெர்ரி'யின் இடம். அது வந்து உட்கார்ந்துவிட்டால் அலமாரி நிறைந்துவிடும். இந்தப் பக்கத்தில் அலமாரி நிறைந்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை.

தம்பி டேரில் பக்கத்து ஊரான விண்ட்பரில் இருந்தான். வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுது பார்ப்பவன். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். "அவனை நான்தான் தூக்கி வளத்தேன்" என்று ஜெனீன் சலவைக் கூடத்தில் பெருமையடிப்பாள். பெண்டாட்டி விட்டுப் போன பிறகு சோர்ந்து கிடந்தவனுக்கு இந்தத் தேடலைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

அவன் தேடவே மாட்டான். எல்லாம் அவனைத் தேடி வரும். தவக்கால வெள்ளிக்கிழமையன்று தீயணைப்பு நிலையக் கூடத்தில் விற்கும் மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றான். முன்னால் நின்ற கிழவரிடம் வாய் கொடுத்தான். வெளியே வரும்போது ஒரு கையில் மீன் பொட்டலம், இன்னொரு கையில் அந்தக் கிழவரின் மகன் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பழைய கேம்கள் அடங்கிய அட்டைப்பெட்டி. ஜெனீன் ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடித் தோற்ற கேம் அதற்குள் இருந்தது. அதே வரிசையில் அவளும் வருஷா வருஷம் நிற்கிறாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மீன்தான்.

பழைய கேம் தேடுகிறவர்கள் போனில் வைத்திருந்த குழுவில் எல்லோரும் டேரிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஜெனீனும் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டாள். வயிறு மட்டும் கொதிகலன் போல எரிந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பியே படையாக வந்து நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சலவைக் கூடத்தில் இடைவேளை. காப்பியை வைத்துக்கொண்டு வழக்கம்போல் தளத்தைத் திறந்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐவரி ஃபெர்ரி, சாமர்செட், ஒன்று.

நேற்றுப் பார்த்தபோது இல்லை. அப்படியானால் பேயில்லை. யாரோ நேற்று மாலைதான் கொண்டுவந்து விற்றிருக்க வேண்டும். அவளுக்கு வேலை முடிய இன்னும் பாதி நாள் பாக்கி. எழுந்து மேற்பார்வையாளரிடம் ஓடலாமா என்று நினைக்கும்போதே போன் அடித்தது.

"அக்கா! சாமர்செட்டைப் பாத்தியா?"

அவனுக்கு இன்று விடுமுறை. வீட்டிலிருந்து சாமர்செட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஜெனீனுக்கு அந்தக் காட்சி கண்ணெதிரே ஓடியது. அவன் கடைக்குள் நுழைகிறான், கல்லாவில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கிறான், ஐவரி ஃபெர்ரியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறான். குழுவில் மறுபடியும் திருவிழா.

"பாத்தேன். அது பேய்டா" என்றாள்.

"பேயா? நேத்து இருந்துச்சா?"

"இந்த வாரம் அங்க வருஷக் கணக்கெடுப்பு. கணக்கெடுத்தா செத்துப்போன பழைய சரக்கெல்லாம் எழுந்து நிக்கும். ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்."

அது பொய்யில்லை. கணக்கெடுப்பின்போது பேய்கள் எழும்பத்தான் செய்யும். ஆனால் சாமர்செட்டில் அது போன வாரமே முடிந்துவிட்டது.

"நல்லவேளை கேட்டேன், பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"இந்தப் பனியிலயா? பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு. போய்த் தூங்கு."

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டான். அடுத்த நிமிடமே குழுவில் அவன் எழுதியது வந்தது. 'சாமர்செட்ல தெரியிற ஐவரி ஃபெர்ரி பேய். எங்க அக்கா சொல்லிட்டா. யாரும் வண்டிய எடுக்காதீங்க.' கீழே ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், நல்லவேளை சொன்னாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். காப்பி ஆறிப்போய்விட்டது.

வேலை முடிந்து சாமர்செட் போய்ச் சேரும்வரை, எதிரே வந்த வண்டிகளிலெல்லாம் டேரிலின் வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். கடையில் பச்சைச் சாயம் பூசிய தலையோடு ஒரு பெண் இருந்தாள். வெறும் உறைதான் வெளியே இருக்கும், கேம் தட்டு உள்ளே இழுப்பறைகளில் எழுத்து வரிசையில் இருக்கும். அந்தப் பெண் தேடினாள். இல்லை.

"இங்கதான் மேடம் இருக்கணும்..."

"யாராவது வந்து வாங்கிட்டாங்களா? உயரமா, வாய் ஓயாம பேசிக்கிட்டு, கொதிகலன் கம்பெனி ஜாக்கெட் போட்டுக்கிட்டு?"

"காலைலேர்ந்து ஒரு ஈ காக்கா வரலையே. என்னன்னே தெரியல, சனிக்கிழமைன்னா உங்க ஆளுங்க அடிச்சுக்கிட்டு வருவாங்க."

"ஐவரின்னு பாத்தது போதும். ஃபெர்ரின்னு பாரும்மா."

இரண்டாவது இழுப்பறையில், வேறு ஏதோ இரண்டின் நடுவே அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண் அதை உறையில் போட்டு மூடும் வரைக்கும் ஜெனீன் வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து மரச்சில்லை உருவினாள். கேமைச் சொருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அலமாரி நிறைந்துவிட்டது. படம் பிடிக்கப் போனைத் தூக்கியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கு அனுப்புவது?

கேமை உருவி மரச்சில்லைத் திரும்பச் சொருகினாள். வான்கோழி வேகவைக்கும் பெரிய பாத்திரத்துக்குள் கேமை வைத்து மூடினாள். நன்றித் திருநாளுக்கு வான்கோழி வாங்கும் நவம்பர் வரை அதை யாரும் திறக்கப்போவதில்லை.

மறுநாள் மத்தியானம் டேரில் சாப்பிட வந்தான். ஞாயிறென்றால் அவனுக்கு அக்கா கையால் ஹலுஸ்கி வேண்டும், முட்டைக்கோஸும் நூடுல்ஸும் சேர்த்து வதக்குவது. வெண்ணெயில் முட்டைக்கோஸ் மணக்க மணக்க வதங்கியது. அவன் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அக்கா! சாமர்செட் காலி!"

"என்ன காலி?"

"ஐவரி ஃபெர்ரி! நேத்து ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல. எவனோ வாங்கிட்டான். பேயை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"ரெண்டு நாள்ல அடங்கிடும்னு சொன்னேன்ல."

"ஒரே நாள்ல அடங்கியிருக்கே! ஞாயித்துக்கிழமை எவன் உக்காந்து கணக்கைத் திருத்துவான்?" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தப்புப் பண்ணிட்ட! எங்க அக்கா ஜெனீன் கோவாச் தப்புப் பண்ணிட்டா! இரு, இதைக் குழுவுல போடாம எனக்குச் சோறு எறங்காது."

"டேய், போனைக் கீழ வை."

"வயசாகுதுல்ல, கண்ணு மங்கத்தான் செய்யும். இனிமே பேய் பாக்கற வேலைய நான் பாத்துக்கறேன். நீ துணி மடிச்சாப் போதும்."

கட்டைவிரல் எழுத ஆரம்பித்தது. ஜெனீன் அடுப்பை அணைத்தாள். பொய் சொன்னவள் என்று ஊர் பேசினால் தாங்கிக்கொள்ளலாம். கண் மங்கிப்போய்விட்டது என்றா? அதுவும் இவன் வாயாலா? வான்கோழிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, கேமை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் டப்பென்று வைத்தாள்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல" என்றாள்.

டேரில் அதைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப பொய் சொல்லியிருக்க."

"ஆமா."

"எங்கிட்ட."

"உங்கிட்டதான். வேற யாருகிட்ட சொல்றது? உனக்குத்தான் எல்லாம் மீன் வரிசையில நிக்கும்போதே கெடைக்குதே."

டேரில் ஹலுஸ்கியை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான். போனை எடுத்து, எழுதியதை அழித்துவிட்டுப் பைக்குள் வைத்தான்.

"வாங்கி உங்கிட்டதான் குடுத்திருப்பேன்" என்றான். அப்புறம், "ஒருவேளை குடுக்காமலும் இருந்திருப்பேன். அது வேற" என்றான்.

பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"ஆல்டூனாவுக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அங்க ஒரு கேமைப் பேய்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அதைப் பாத்துட்டு வரேன்."

"டேய், அது நிஜமாவே பேய்டா! அஞ்சு வருஷமா அங்கயே நிக்குது!"

"சாமர்செட்டையும் அப்படித்தான சொன்ன?" கதவு சாத்திக்கொண்டது.

ஜெனீன் ஜன்னலருகே நின்றாள். அது பேய்தான். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது திருடு போனதென்று ஆல்டூனாக் கடைக்காரியே அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஐவரி ஃபெர்ரியை எடுத்துப்போய் அலமாரியில் சொருகினாள். மரச்சில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். வெளியே டேரிலின் வண்டி இருமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

இருந்துவிட்டால்? அவன் கண்ணில் மட்டும் பட்டுவிட்டால்?

மரச்சில்லை மேசையில் போட்டுவிட்டுக் கார் சாவியைத் தேடினாள்.