முகையூரில் நான் அடித்த பெயர்

2011 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகையூர் தேவாலயப் பங்கின் பழைய இளைஞர் இயக்கத்துக்காரர்கள் அடுத்த மாதம் திண்டிவனத்தில் கூடுவதாக ஏற்பாடு. லூர்துவை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை. "நீதானே செயலாளர், நீயே போய்க் கூப்பிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காலை 7.20க்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். விழுப்புரம் 38 கிலோமீட்டர், 14 ரூபாய். அங்கே ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு முகையூர் டவுன் பஸ், 9 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் கரும்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, மேலே பெய்யாத மூட்டம். மனசே சரியில்லை.

சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட ஓரமாக நிற்கிற ஆள் நான். 93இல் அந்த இயக்கத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தோன்றியது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது தொடர்ந்து இரண்டு கூட்டம் வராவிட்டால் மூன்றாவது கூட்டம் அவர் வீட்டில்தான். சொல்லாமல் கொள்ளாமல், பன்னிரண்டு பேரில் மற்ற பதினொரு பேரும் சைக்கிளில் போய் இறங்குவோம். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது.

97இல் லூர்து இரண்டு வாரம் வரவில்லை. அப்போது வீதி நாடகப் போட்டிக்கு ஒத்திகை மும்முரம். அவன் வெளியூர் வேலைக்குப் போயிருப்பான் என்று எல்லாரிடமும் நானாகவே சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, யாரையும் கேட்காமல் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தேன்.

முகையூரிலிருந்து அவன் ஊர் நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய். "லூர்து வூடா? கால இழுத்துக்கினு நடப்பாரே, அவருங்களா?" என்றார் டிரைவர். எனக்கு அது புதுச் செய்தி.

வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டான். "வா செயலாளரே!" கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்ததாம், அதே 97இல்.

"மூணாவது வாரம் எல்லாரும் வருவீங்கன்னு அம்மா மல்லாட்டை அவிச்சி வெச்சிக்கினு உக்காந்திருந்தது. நாலாவது வாரமும் அவிச்சிது. அப்பறம் நான்தான் வேணாம்னுட்டேன்."

தலை நிமிர முடியவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"என் பேர அடிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். யாரோ ஒருத்தன் வேலைன்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன். யாரு அடிச்சது?"

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுப்பா" என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

"எல்லாருமா?" என்றான். அதுவரை முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்ப அங்க எனக்கு யாரு இருக்காங்க? நான் வர்ல."

பிற்பகல் 3.40க்குத் திரும்பும் பஸ். போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைகள் அடைத்திருக்கும். திண்டிவனத்தில் கூட்டம் நடந்தது, லூர்து வரவில்லை. பதினாலு வருஷமாக யாரோ ஒருத்தன் செய்த தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தவனிடமிருந்து மிச்சமிருந்த பத்துப் பேரையும் நான் பிடுங்கிவிட்டேன். பழைய உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பக்கம் போகும்போது அவன் வீட்டுக்கும் போங்கள். அடித்தவன் நான் ஒருவன்தான், உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லுங்கள். இன்னொரு முறை அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.