என் டயட் சீட்டும் அப்பாவின் தட்டும்

மெடிக்கல் செக்கப்பில் எனக்குச் சர்க்கரை என்று சொன்னபோது வயது நாற்பத்தேழு. நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: சோறு ஒரு கப், இரவில் இரண்டு சப்பாத்தி, கருவாடு வேண்டாம், முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, அப்படியே நடந்தேன். ஆறு மாதத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் ஆளாளுக்கு, "என்னா பண்ற, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அது அப்பாவின் தட்டில் போய் விடிந்தது.

அப்பாவுக்கு எழுபத்தாறு. பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் கூலிக்கு அறுப்பறுத்தவர். பிறகு மைன்ஸில் காண்ட்ராக்டில் மண் அள்ளி, பெர்மனென்ட் ஆகாமலே ஓய்ந்தார். அம்மா போன பிறகு என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். வந்தாலும் காலையில் சாப்பிட்டதும் வடக்குத்துக்கு நடந்தே போவார். அங்கே ஒரு டீக்கடை, பழைய கூட்டாளிகள். மதியம் நடந்தே திரும்புவார். வண்டியில் விடுகிறேன் என்றால் கோபம் வரும். என் வீட்டுக்கு வந்த பிறகு யாரையும் கேட்காமல் அவர் செய்த காரியம் அந்த நடை ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டில் பழைய சோறும் கருவாடும் இரண்டு முட்டையும் இருந்ததைப் பார்த்தேன்.

"என் உடம்பு யாரு உடம்பு? உங்க உடம்புதானே. உங்களுக்கும் வரும். நாளையிலேர்ந்து எனக்கு என்னாவோ அதான் உங்களுக்கும்" என்றேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "செரி" என்றார்.

என் மனைவிதான் விடவில்லை. "மாமாவுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நல்லாத்தான் நடந்துகினு இருக்காரு. வாய்க்கு ருசியா சாப்புட்டுட்டுப் போவட்டுமே."

"நீ டாக்டரா? சொன்னதைச் செய்" என்றேன். இந்த வாயை என்னவென்று சொல்வது?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியோ வீடோ, சாப்பிடுகிறவன் இன்னும் போடு என்று கேட்கமாட்டான். போதும் என்றுதான் சொல்வான். பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போடவேண்டும். அவனும் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வான். என் மனைவி அப்பாவுக்கு அப்படித்தான் போட்டுப் பழக்கியிருந்தாள். அந்த இரண்டாவது கரண்டி இனிமேல் கூடாது என்று சட்டம் போட்டேன். அப்பா போதும் என்றால் போதும்தானாம். ஊர் வழக்கம் தெரியாதவனா நான்? தெரிந்துதான் செய்தேன்.

மாதங்கள் போகப் போக அப்பாவின் சட்டை தொளதொளத்தது. "எங்கப்பா என்னைவிட ஃபிட்டு" என்று எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரோ தரையிலிருந்து எழச் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். வடக்குத்துக்குப் போவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. பிறகு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினார். கேட்டால், "வெயிலுடா" என்றார். மழை பெய்த நாளிலும் அதைத்தான் சொன்னார். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்த ஒரு நாள் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஈரமே இல்லாத தரையில் அப்பா கால் மடங்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் அப்பாவின் தொடையை அமுக்கிப் பார்த்தார். "இவருக்கு சுகர் இல்லையே. ஏன் இப்படி இளைச்சிருக்காரு? என்ன சாப்பிடறாரு?"

ஒன்றொன்றாகச் சொன்னேன். சொல்லும்போதுகூடக் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது உங்க வயசுக்கு, உங்க வியாதிக்கு எழுதினதுங்க. இந்த வயசுல எடை குறைஞ்சா கொழுப்பு மட்டும் போகாது, சதையும் சேர்ந்து கரையும். முட்டை, மீனு, பருப்பு, பாலு எல்லாம் இவருக்குக் கட்டாயம் வேணும். கால்ல பலமே இல்ல. பழையபடி நடப்பாரான்னு என்னால சொல்ல முடியாது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "பசிச்சிருக்கும் இல்ல? ஒரு வார்த்த சொன்னா என்னா?" கோபமாகத்தான் கேட்டேன். என் கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

அப்பா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ சின்னப் புள்ளையா இருக்கசொல்ல இன்னும் சோறு வேணும்னு அழுவ. பானையில இருக்காது. அப்ப உங்கம்மா மூஞ்சி போற போக்க பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன். சோறு போடறவங்கள இல்லன்னு சொல்ல வெக்கக் கூடாதுடா. உங்கிட்ட எப்படி நான் கேக்கறது?"

என் வீட்டில் இல்லாமலா இருந்தது? எல்லாம் இருந்தது. எடுத்துப் போட ஒரு ஆளும் இருந்தாள். அவள் கையைப் பிடித்து வைத்தவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை வருகிறார், அதற்கே மூச்சு வாங்குகிறது. வடக்குத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் நானே மீனில் முள் எடுத்து, சோறு குழையப் பிசைந்து ஊட்டுகிறேன். இரண்டு வாய் வாங்குகிறார். மூன்றாவது இறங்கமாட்டேன் என்கிறது. "இன்னும் ஒரு வாய்ப்பா" என்று கெஞ்சுகிறேன். அவரும் வாயைத் திறந்து பார்க்கிறார், முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து, "கோச்சுக்காதடா" என்கிறார்.