மூதூர் ஆற்றில் என்னைப் பிடித்த முதலை

எழுபதுகளின் நடுப்பகுதி. மாசி மாதக் கடைசி. மழை ஓய்ந்து, கடல் அடங்கி, திருகோணமலைப் பக்கம் எல்லோரும் வள்ளங்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரம். அப்படி ஒரு நாள் காலையில், மூதூரில் மகாவலி ஆறு கடலோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, என்னை முதலை பிடித்தது. பிடித்தது என்றுதான் நான் கத்தினேன். அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

நானும் மூதூர்க் கூட்டாளி ஒருவனும் பங்காக ஓர் இயந்திர வள்ளம் வைத்திருந்தோம். மழைக்காலம் முழுக்க அது திருகோணமலை உள்துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடந்தது. அசையாத உப்புத் தண்ணீரில் சும்மா கிடக்கிற வள்ளத்தின் அடியில் ஒட்டுச்சிப்பி பிடிக்கும். முதலில் அரிசிக் குறுணல் போலத்தான் இருக்கும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் அடிப்பலகை முழுக்கச் சொரசொரவென்று மூடிவிடும். ஒவ்வொரு சிப்பியின் விளிம்பும் சவர அலகு. அந்த வருடம் எங்கள் வள்ளம், கலியாண வீட்டில் மூன்று பந்தி சாப்பிட்ட மாமாவைப் போல, எண்ணெயை மட்டும் குடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றது.

உயிரோடு இருக்கும் சிப்பியைச் சுரண்டினால் பலகையின் தோலும் சேர்ந்து வரும். கரையில் ஏற்றிக் காயவிட்டால் சீமெந்துதான். ஆகவே மூதூர் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வள்ளத்தை ஆற்றுக்குள் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் ஒரு கிழமை கட்டிவிடுவார்கள். உப்பில் பிறந்த சிப்பி நல்ல தண்ணீரில் செத்துப்போகும். பிறகு தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாலே உதிரும். அதன் பிறகு சுண்ணாம்பையும் சுறா எண்ணெயையும் குழைத்துப் பூசிவிட்டால், அடுத்த சிப்பி ஒட்டுவதற்குக் கொஞ்சம் யோசிக்கும். அந்த மணத்துக்கு மனிதரே கிட்ட வர யோசிப்பார்கள்.

கூட்டாளி வள்ளத்தை ஆற்றில் கட்டி ஒரு கிழமை ஆனபோது, எனக்கும் மூதூரில் ஒரு காரியம் வந்தது. என் தங்கையின் கலியாணப் பேச்சு. அப்பா இல்லாத வீடு. தரகர் கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் பொருந்திவிட்டது. "தமையன்காரனை ஒருக்கா நேரில பார்த்துக் கதைச்சுப்போட்டு முடிவு சொல்லுறம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். இதற்கு முன் வந்த ஒரு நல்ல சம்பந்தம், தமையன் ஒரு விளையாட்டுப் பேர்வழி என்று விலகிப் போயிருந்தது. இதுவும் போனால் தங்கையின் முகத்தில் முழிக்க ஏலாது. புறப்படும்போது அம்மா சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "அங்க போய் உன்ர பகிடியை அவிட்டு விடாத. ஒரு பின்னேரத்துக்காவது மனிசர் மாதிரி இரு."

காலை லோஞ்சில் கடல் கடந்து போய் இறங்கினேன். நல்ல நேரம் பின்னேரம்தான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று வேட்டியைக் கூட்டாளி வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, அவன் பெருநாளுக்கு எடுத்த புதுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, அவனோடு வள்ளத்தைப் பார்க்கப் போனேன். ஆற்றங்கரையில் அவன் தடுத்தான்.

"கரையில நிண்டு பாரு மச்சான். தண்ணிக்குள்ள இறங்காத. முந்தநாள் ஒரு கண்டுக்குட்டியை முதலை இழுத்திட்டுப் போட்டுது."

"என்னைப் பார்த்தா முதலைக்குக் கண்டுக்குட்டி மாதிரியா கிடக்கும்?"

"இல்ல. கண்டுக்குட்டிக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது."

இப்படிச் சொன்னால் எந்த ஆண்பிள்ளைதான் இறங்காமல் இருப்பான்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கி வள்ளத்தின் அடியில் நுழைந்தேன். கலங்கல் தண்ணீர். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவினேன். ஓரத்துச் சிப்பிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சந்தோஷத்தோடு திரும்பினேன். அப்போதுதான் பின்னால் இருந்து ஏதோ ஒன்று என் இடுப்பைப் பிடித்தது.

நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது. நான் திமிற, அது இன்னும் இறுக்கியது. தண்ணீருக்கு அடியில் நின்றபடி கோணேசரைக் கூப்பிட்டேன். கூட்டாளி அடிக்கடி கூப்பிடும் அல்லாவைக் கூப்பிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தோனியாரையும் கூப்பிட்டேன். மூவரில் யார் வந்தார்களோ தெரியாது, பிடி விட்டது. மேலே வந்து, "முதலை! முதலை! கால் போச்சு! ஐயோ, கால் போச்சு!" என்று அலறிக்கொண்டே, போன அந்தக் காலாலேயே கரையை நோக்கி ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில்தான் உறைத்தது, உடம்பில் ஒரு நூல் இல்லை. முன்னால் கரையில் சனம். பின்னால் முதலை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்று கத்தினேன்.

கரைக்கு ஓடி வந்தவர்கள் எல்லோரும் கரையிலேயே நின்று எனக்குச் சரிசமமாகக் கத்தினார்கள். மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் மட்டும், நரைத்த தலை, கையில் ஒரு பொல்லு, தண்ணீருக்குள் பாய்ந்து வந்து எனக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றார். பொல்லால் தண்ணீரைப் படார் படார் என்று அடித்தபடியே, மற்றக் கையால் தன் தோளில் கிடந்த துவாயை என் பக்கம் நீட்டினார்.

நான் கரையேறியதும் கூட்டாளி என் கால்களைப் பார்த்தான். இரண்டும் இருந்தன. அடுத்த கேள்வி: "என்ர சாரம் எங்கடா?"

நீளமான சவள்கம்பை வள்ளத்துக்கு அடியில் விட்டுத் துழாவினான். சாரம் அங்கேதான் இருந்தது. நடு அடிப்பலகையில் இன்னும் உதிராமல் நின்ற சிப்பிகள், அதைக் கிழித்துக் கவ்விப் பத்திரமாக வைத்திருந்தன. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பொல்லுக்காரர் மட்டும் மாட்டின் பக்கம் திரும்பி நின்றார். முகம் தெரியவில்லை. தோள் கொஞ்சம் குலுங்கியது போல இருந்தது. அப்படியே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் தலையை வாரி, வேட்டி கட்டி, அம்மா சொன்னபடி மனிசர் மாதிரி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருந்து எழுந்து வந்தவர் மாப்பிள்ளையின் தகப்பன். அதே நரைத்த தலை. அதே தோள்.

முதலையிடம் இருந்தாவது ஓடலாம். சம்பந்தி வீட்டு விறாந்தையில் இருந்து எங்கே ஓடுவது? தங்கையின் கலியாணம் என் கண் முன்னாலேயே லோஞ்சு ஏறிப் போவது தெரிந்தது. ஆனால் அவர் என்னை முதன்முதலாகக் காண்பவர் போல, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். மழையைப் பற்றிக் கேட்டார், அம்மாவின் சுகத்தை விசாரித்தார். ஆற்றைப் பற்றி மூச்சு விடவில்லை.

குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்தது அவருடைய மனைவி.

"தம்பி வரேக்க கேள்விப்பட்டனீங்களோ? காலமை ஆத்தில ஆரோ ஒரு பொடியனை முதலை பிடிச்சதாம். ஒரு கால் முழங்காலோட போட்டுதாம். பாவம், கலியாணம் கட்டினவனோ, பிள்ளையள் இருக்கோ, ஆருக்குத் தெரியும்?" அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

'அப்படியா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். அம்மாவின் புத்திமதி காதில் கேட்டது. தகப்பனைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக்குள் ஏதோ தேடுகிறவர் போலக் குனிந்திருந்தார். ஆனால் எனக்காக ஒரு மனிசி அழுகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலவில்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி வலது காலை முன்னே நீட்டினேன்.

"அழாதேங்கோ அம்மா. அந்தக் கால் இதுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தெய்வங்களையும் விடவில்லை. அந்த அம்மா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தகப்பன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நானும் எவ்வளவு நேரம்தான் அடக்கிறது!" என்று வெடித்தார்.

"அப்ப நீங்கள் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?" என்று மனைவி சீறினார்.

"ஓம். அது அவரின்ர கதை. சொன்னால் அவர் சொல்லட்டும், இல்லாட்டி எனக்கென்ன?"

அன்றே சம்மதம் சொன்னார்கள். அடுத்த நாள் மாப்பிள்ளையும் இரண்டு எருதுகளும் வந்து எங்கள் வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார்கள். எல்லோருமாகப் பொச்சால் தேய்த்தோம். எனக்கு மட்டும் தண்ணீருக்குக் கிட்டே போக அனுமதி இல்லை.

இந்தக் கதையை எத்தனையோ இடங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது வேறு ஒன்றுதான் நினைவுக்கு வரும். என்னைப் பிடித்த முதலை பொய். அது பொய் என்று அந்த நேரத்தில் பொல்லோடு பாய்ந்து வந்தவருக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக மெய்யான முதலையின் முன்னால் நிற்கிறேன் என்று நம்பித்தான் அந்த மனிதர் தண்ணீரில் இறங்கினார். நான் கரையில் நின்றிருக்க, வேறொருவன் அப்படிக் கத்தியிருந்தால் இறங்கியிருப்பேனா என்ற கேள்வியை மட்டும் இன்றுவரை என்னால் பகிடியாக்க முடியவில்லை.