தோளிலிருந்து அழித்த கை

லேசர் பிரிண்டரில் ஒரு மனித முகத்தை முகமாகவே எடுத்துவிடப் போராடிய எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அந்த இயந்திரத்துக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும். சாம்பல் என்று நாம் பார்ப்பதெல்லாம் கறுப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவில் விட்ட வெள்ளையும் சேர்ந்து காட்டும் மாயம். இது தெரியாமல்தான் ஆரையம்பதியில் அச்சுக் கடை திறந்தேன். நீங்களும் அப்படித்தானே?

தாரில் குளித்தவர்கள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நினைவஞ்சலி அடிக்காத வீடுகள் குறைவு. கடையின் பின்கதவைத் திறந்தால் வாவி. மழைக்கால மத்தியானங்களில் வானமும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாமல் ஒரே சாம்பலாகக் கிடக்கும். அதில் ஒரு கைப்பிடி என் பிரிண்டரில் வராதா என்று வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் குருக்கள்மடத்து ராசம்மா அக்கா வந்தார். கடல் கொண்டுபோன கணவரின் ஆண்டு நினைவுக்குத் துண்டுத்தாள் அடிக்க வேண்டும். நாவற்குடாவில் தங்கச்சி வீட்டில் இருந்ததால் தப்பிய ஒரே ஒரு படம் அவரிடம் இருந்தது. தோணியின் பக்கத்தில் கணவர். அவர் தோளில் கைபோட்டபடி மகன் சுதன். முழுப் படத்தையும் அடித்தேன். இருவரும் தாரில் குளித்துவிட்டு வந்தார்கள். அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவர் கறுப்புத்தான் தம்பி. ஆனா எனக்கே ஆரெண்டு தெரியாத அளவுக்குக் கறுப்பில்ல.”

றோட்டிலிருந்து ஒரு குரல்

நெருக்கமான புள்ளிகளில் மை அடைத்துக்கொள்கிறது என்று பிறகுதான் விளங்கியது. புள்ளிகளைப் பெரிதாக்கி, தள்ளித் தள்ளி வைத்து மறுபடி அடித்தேன். கறுப்பு போனது, ஆனால் இருவர் முகமும் பொட்டுப் பொட்டாக நின்றது. எனக்குத் தாள் கொண்டுவந்து தரும் காத்தான்குடி நண்பர் நஸீர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அம்மை போட்ட முகம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பறித்து மேசையில் வீசினேன். அது தாள்கட்டில் சாய்ந்து நின்றது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போனவர், திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

“மச்சான், இஞ்ச நிண்டு பார்த்தா மனுசன் சிரிக்கிறார்!”

ஒரு கை குறைகிறது

சிரித்து என்ன, துண்டைக் கையில் வைத்துத்தானே படிப்பார்கள்? அந்தத் தாளைக் கழிவுத்தாள் கட்டோடு போட்டுவிட்டு, படத்தைக் கணினியில் முதலில் வெளிறச் செய்தேன். மகனை வெட்டினேன். தோளில் மிஞ்சிய கையையும் அழித்து, அந்த இடத்தில் சட்டையின் சாம்பலை நிரப்பினேன். மழையில் ஈரம் பிடித்த தாளைப் பல்பின் கீழே காயவைத்து அடித்தபோது கன்னத்திலிருந்து கழுத்துவரை சாம்பல் வாவியைப் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கணினியில் இடம் போதாதென்று வெட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

துண்டுகளை வாங்க அக்காவோடு சுதனும் வந்தான். மீசை அரும்பிய பிள்ளை. தகப்பனின் தோளை விரலால் தடவிப் பார்த்தான்.

“அண்ணன், என்ட கைய எங்க கொண்டுபோய் வச்சீங்க?”

கழிவுக் கட்டு

நாட்டில் சண்டை முடிந்த வருடம் அக்கா தனியாக வந்தார். வேலைக்கென்று வன்னிப் பக்கம் போன சுதன் திரும்பவில்லை. தேடிப் போகிற இடமெல்லாம் அவன் படம் கேட்கிறார்கள். இருந்த ஒரே படத்தைக் கறையான் அரித்துவிட்டது. “உங்கட கணினியில கிடக்கும்தானே?” என்றார்.

கிடந்தது தகப்பன் மட்டும். மகனை வெட்டி எறிந்தவன் நான். பின்னறைக்குப் போய்க் கழிவுக் கட்டுகளை அவிழ்த்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பின்னேரம் ஆகும்போது அந்தப் பொட்டு முகங்கள் கிடைத்தன. போட்டோக் கொப்பி எடுத்துப் பார்த்தேன். நுணுக்கமான புள்ளியென்றால் அடைத்துப்போயிருக்கும். இந்தப் பெரிய புள்ளிகள் அப்படியே வந்தன.

அக்கா கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். தாளை வாங்கிக்கொண்டு, வாசலில் போய் நிற்கச் சொன்னேன். உள்ளே நின்று பிடித்துக் காட்டினேன். பின்கதவு வழியே வாவி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் ஒரு அடி பின்னால் போய், “சுதன்” என்றார். நான் அழுதுவிட்டேன். மகனின் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரவா என்று கேட்டேன்.

“இந்தமுற ஒண்டையும் வெட்டாதங்க தம்பி. தோள்ள கையோடயே நிக்கட்டும்.”

இப்போது என் கடையில் கெட்டுப்போன தாள்கள் கூரையைத் தொடுகின்றன, நஸீர் வந்து நிற்க இடமில்லை என்று ஏசுகிறார், எனக்கோ ஒன்றையும் எறிய மனம் வருவதில்லை.