பல்லாவரத்தில் ஏற்றிய மெழுகுவத்தி

கல்லறைத் திருநாள். மயிலாப்பூர் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகு உருகும் வாசனை. கால் கடுக்க நிற்கும்போது பல்லாவரம் ஞாபகம் வந்துவிடுகிறது.

யுத்தம் முடிந்த வருஷம், இதே திருநாள். பர்மாவில் அண்ணன் இறந்ததாகத் தந்தி வந்ததே தவிர, உடல் வரவில்லை. பழங்காலக் கற்களைத் தேடி நடப்பதில் பைத்தியமான அப்பா, அன்றும் எங்களைப் பல்லாவரம் குன்றடிக்கு நடத்திக்கொண்டு போனார். வட்டமாக நட்டிருந்த கற்களைக் காட்டி, "ஆதிகாலத்துச் சமாதி. யாருதுன்னு தெரியாது" என்றார்.

களைத்து உட்கார்ந்த அம்மா, மடியிலிருந்து மெழுகுவத்தி எடுத்து அங்கேயே ஏற்றினாள்.

"இது நம்ம வேதக்காரங்க கல்லறை இல்லடி" என்றார் அப்பா.

"யாருதுன்னு தெரியாதுன்னீங்களே. எம் புள்ளையோடதா இருந்துட்டுப் போவட்டும்."

இன்று இங்கே அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று ஏற்றிவிட்டேன். மூன்றாவது கையில் இருக்கிறது. பல்லாவரம் வரை நடக்கத்தான் காலில் தெம்பில்லை.