தறி நின்றபோது கஸ்தூரி

கஸ்தூரி போன செய்தி எனக்கு ஒரு மிஸ்டு காலாகத்தான் வந்தது. திருப்பிக் கூப்பிட்டபோது அவள் கணவர், "காலைல போயிட்டாங்க. நீங்க யாரோடயாவது பேசிகினு இருப்பீங்கன்னு ஒரே ரிங்ல விட்டுட்டேன்" என்றார். எதிரில் ஒருவர் அழும்போது ஆலோசகரின் போன் அடிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். வீட்டுக்காரரையும் அதற்குப் பழக்கி வைத்திருந்தாள். சிறுநீரகம் அவளை இரண்டு வருடமாகப் படுத்தியது அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனவே அதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். வருத்தம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் முதுகலையில் குடும்ப ஆலோசனை படித்தோம். மணவாழ்க்கைச் சிக்கலோடு வருகிற தம்பதியருடன் உட்கார்ந்து பேசுவதற்கான படிப்பு அது. "பஞ்சாயத்து பண்றதுக்கு எதுக்கும்மா எம்.ஏ.?" என்று என் வீட்டில் கேட்டார்கள். கஸ்தூரி வீட்டில் எதுவும் கேட்கவில்லை. தேவிகாபுரத்தில் கூலி வேலைக்குப் போகும் குடும்பம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போவாள் என்று மட்டும் காத்திருந்தார்கள்.

முதல் பருவத்தில் அவரவர் குடும்பத்தைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். யார் சொல்லை யார் கேட்பது என்று கோடும் போட வேண்டும். கஸ்தூரி அப்பா, அம்மாவுக்கு மேலே ஒரு பெரிய கட்டம் போட்டாள். அது யார் என்று கேட்டதற்கு, "மேஸ்திரிங்க. அவரு ஒரே ஊருக்கு அனுப்பினா அப்பாவும் அம்மாவும் ஒண்ணா இருப்பாங்க. இல்லன்னா ஆளுக்கொரு ஊரு" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள், ஆனால் கட்டத்தை அழிக்கவில்லை.

களப்பயிற்சிக்கு எங்களை ஜோடியாக ஆரணிக்கு அனுப்பினார்கள். தம்பதியின் சம்மதத்தோடு பேச்சை டேப்பில் பதிந்து வர வேண்டும், மேற்பார்வையாளர் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் பயிற்சி செல்லும். எனக்கு வந்த தம்பதி, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கணீரென்று சண்டை போட்டார்கள். கஸ்தூரிக்கு வந்தவர்கள் பவர்லூம் வைத்திருந்த நெசவுக் குடும்பம். எதைக் கேட்டாலும் இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். கிளம்பும்போது அந்த மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஊட்டுக்கு வாங்கக்கா. தறி ஓடும்போது சொல்றேன்."

போனபிறகுதான் புரிந்தது. முன்னால் ஒரு கூடம், பின்னால் தறிக் கொட்டகை. கூடத்தில் மாமியார். தறி நின்றால் பக்கத்து வீட்டிலிருந்து, "இன்னா, நூலு அறுந்துடுச்சா?" என்று குரல் வரும். அந்த வீட்டில் ரகசியம் பேச இடம் என்றால் தறியின் இரைச்சல் ஒன்றுதான். கோபமோ சமாதானமோ, காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். கஸ்தூரியும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பாள். மாமியாரோடு உட்கார்ந்து மத்தியானச் சீரியல் பார்ப்பது என் வேலை. என் பயிற்சியில் பாதி அந்தச் சீரியல்தான்.

தனியாகச் சமைக்க வேண்டும் என்பது மருமகளின் ஆசை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மகனின் பயம். டேப்பிலோ இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. "இதில் தறிதான் பேசுகிறது" என்றார் மேற்பார்வையாளர். கேட்கும்படி ஒரு டேப்பாவது கொண்டுவராவிட்டால் அடுத்த வருடம் களப்பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. காதில் விழாததற்கு எப்படி மதிப்பெண் போடுவார்?

"எனக்குக் கேட்டுச்சுங்க மேடம். டேப்புக்குக் கேக்கணும்னு அவங்க பேசல" என்றாள் கஸ்தூரி. பணிவாகத்தான் சொன்னாள். அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

கடைசியாகப் போன அன்று சீரியல் நடுவில் தறி நின்றது. "இன்னாடா ஆச்சு?" என்று மாமியார் எழுந்து பின்னால் போனார். நானும் போனேன். நூல் அறுந்திருக்கவில்லை. கரண்டும் இருந்தது. மகன் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றான், தானே நிறுத்தியிருந்தான். கஸ்தூரியின் கையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள், "அத்தை" என்று சொல்லி மூச்சை இழுத்தாள்.

கஸ்தூரி டேப்பை அணைத்தாள்.

அதன்பின் மூவரும் வாய்விட்டுப் பேசினார்கள். இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு நேரான பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை. தெருவுக்கே கேட்டிருக்கும். டேப்பில் மட்டும் இல்லை.

பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். "லூசாடி நீ? மேடம் கேட்டது அந்த டேப்பைத்தானே."

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பதியலாம்னாங்க. அந்தம்மா சொல்லலியே."

"கேட்டிருக்கலாம்ல?"

"பேச ஆரம்பிக்கறப்ப குறுக்க பூந்து, சம்மதமாங்கன்னு கேக்கறதா?" என்றாள். பிறகு சேத்துப்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு என்ன சொல்வது என்ற கவலை அவளுக்கு இல்லாமல் இருக்குமா?

நான் தேறினேன். அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. அவள் அப்பா ஒருநாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "உனக்கு ஆயிடுச்சு, எம்பொண்ணுக்கு ஏம்மா ஆவல?" என்று கேட்டார். டேப் சரியாகப் பதியவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் பிறகு அடுப்பு இரண்டானது, தறி ஒன்றாகவே ஓடியது. இது தெருவில் யாரும் சொல்லக்கூடியதுதான், அதனால் எழுதுகிறேன். அன்று அந்த அம்மா மருமகளுக்கு என்ன பதில் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

அந்த டேப்பைக் கஸ்தூரி என்னிடம் கொடுத்திருந்தாள். "இதுல தறிதான் இருக்கு, வெச்சிக்கோ" என்றாள். போய்ச் சேர்ந்தாள் என்று கேட்ட அன்று போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது. முடிவில் நிற்கிறது. ஒரு பெண் "அத்தை" என்கிறாள். டக்கென்று ஒரு பொத்தான் விழுகிறது. ஒரு வருடத்தைக் கொடுத்து அவள் அழுத்திய பொத்தான் அது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு டக்.